தூளியில் படுக்கிற மாதிரி இல்லை

யாஷ்மூல்,
1997 மார்ச் 9

அன்புள்ள தம்பி நிகானோருக்கு,

உன் இருமல் விட்டதா? கடைப் போனில் நீ பேசியபோது நெஞ்சுக்குள் சளி கரகரத்தது எனக்கு இங்கே கேட்டது. எனக்கு முட்டிவலி தவிர ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன். தூங்குகிறேன் என்று எழுதினால் நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை.

உன் அத்தானுக்கு ஒன்பது நாள் ஜெபமும் முடிந்தது. பக்கத்து வீட்டுத் தொமாசாதான் அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். வந்தவர்களுக்கெல்லாம் சாக்லேட்டும் ரொட்டியும் கொடுத்தோம். நீ வரவில்லை என்று ஒருவரும் குறை சொல்லவில்லை, நீ மருகாதே. சோளக்காட்டிலிருந்து வந்தார், தூளியில் சாய்ந்தார், தண்ணீர் கேட்டார். நான் மொண்டுகொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. நீ இங்கே இருந்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்.

நான் எழுதுவது வேறு விஷயத்துக்கு. ஜெபம் முடிந்த பிறகு மெரிதாவிலிருந்து தோன் ருத்திலியோ வந்தார். வியாழக்கிழமைதோறும் வெளிநாட்டுக்காரர்களை வேனில் ஏற்றிவருவாரே, அவர். காலையில் மேட்டுமேல் பழைய கோயில், வெயில் ஏறியதும் நம் கேணியில் குளியல், பிறகு என் குழியடுப்புப் பன்றிக்கறி. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அவர்களுக்கு ஒரு நாள். கோயிலையும் கேணியையும் உன் அத்தான் பார்த்தார், சாப்பாட்டை நான் பார்த்தேன். இந்தத் தடவை வேன் காலியாக வந்தது. ருத்திலியோ இறங்கித் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தோஞா ஃபிதேலியா, நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். இனிமே ஆளுங்கள வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"ஏன், எங்க கோயில் இடிஞ்சு விழுந்துருச்சா?"

"அது எப்பவோ இடிஞ்சதுதானே."

"அப்ப கறி கசக்குதா?"

"ஐயோ, நாக்கு அழுகிடும் எனக்கு. தண்ணிதான் பிரச்சினை. ஒருத்தன் மூழ்கினா எறங்கித் தூக்க ஆள் வேணும்ல? கௌதென்சியோ இருந்தாரு. இப்ப யாரு, நீங்களா?"

ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை, மரியாதை தெரிந்த மனிதர். ஆனால் என் முட்டியைப் பார்த்தார்.

கொழுந்தன் அன்செல்மோ நன்றாக நீந்துவான், நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். கேணி ஊருக்குச் சொந்தம், பார்த்துக்கொள்கிற வீட்டிடம் இருக்கும் என்பது உனக்குத் தெரியும். அன்செல்மோ இறங்கினால் கேணி அவன் வீட்டுக்குப் போய்விடும். அந்தப் பாறையில் படி வெட்டியவர் உன் அத்தான். மூன்று கோடை உட்கார்ந்து வெட்டினார். அன்செல்மோ மேலே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றான். நான் விடமாட்டேன். விட்டால் மெரிதாவுக்குப் போய் என் மகள் லிஹியா வீட்டுச் சிமெண்டுத் தரையைத் துடைத்துக்கொண்டு சாகும்வரை இருக்கலாம்.

உனக்கு ஆறு வயதில் நம் அப்பா உன்னைத் தூக்கித் தண்ணீரில் போட்டார். என்னைக் குடம் எடுத்துவரச் சொன்னார். நீ கற்றுக்கொண்டதை எனக்கு எழுது.

சளிக்குத் தேன் சாப்பிடு. கடவுள் உன் வாசலில் காவல் இருக்கட்டும்.

உன் அக்கா,
ஃபிதேலியா


சான் ஃபிரான்சிஸ்கோ,
மார்ச் 30

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தொட்டதும் முதலில் மோந்துதான் பார்த்தேன். அடுப்புப் புகை வாசனை இருந்தது. இருமல் குறைந்திருக்கிறது. மூடுபனி போனால் முழுதும் போகும். இந்த ஊரில் மூடுபனி போவதில்லை. உன் முட்டிக்கு எண்ணெயைச் சூடுபண்ணித் தேய்க்கச் சொல் தொமாசாவை.

அத்தானை நினைத்தால் கையிலிருந்து தட்டு நழுவுகிறது. ஓட்டல் சமையல்கட்டில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

நீ கேட்டதைச் சொல்லித்தர மாட்டேன், அக்கா. உனக்கு ஐம்பது வயது. கணுக்காலுக்கு மேல் நனைந்தவள் இல்லை. நம் கேணிக்கு அடி இருக்கிறதா என்பதே யாருக்கும் தெரியாது. இங்கே என்னோடு அறையில் இருக்கிறவர்களிடம் சொன்னேன், "உங்கக்காவுக்குப் பித்து பிடிச்சிருச்சு" என்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. போன மாதம் ஒரு சாவு. இன்னொன்றுக்கு நான் தயார் இல்லை. லிஹியா நல்ல பெண், அவளோடு போய் இரு. இல்லையென்றால் அன்செல்மோ தண்ணீரைப் பார்க்கட்டும், நீ கறியைப் பார்.

வருஷ ஜெபத்துக்கு வருவேனா என்று நீ கேட்கவில்லை. பார்க்கலாம், பிப்ரவரி தூரத்தில் இருக்கிறது.

என் கும்பிடு.

உன் தம்பி,
நிகானோர்


யாஷ்மூல்,
ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

எண்ணெய் தேய்த்தோம், முட்டி பரவாயில்லை. உன் அறைக்காரர்களுக்கு என் அன்பைச் சொல். பித்து பிடித்தவள் கேட்டாள் என்று சொல்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஊரில் பேசி முடித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் நான் போய் ஆண்கள் பக்கம் நின்றேன். ஊர்த்தலைவர் தோன் செவெரோ, "சொல்லும்மா" என்றார். சொல்வதற்குள் அன்செல்மோ எழுந்தான்.

"அண்ணிக்குக் கேணி வேணுமாம். குடம் மொள்ளவா அண்ணி?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"நீ குளிச்சு எத்தன நாளாச்சு அன்செல்மோ? வாடை இங்க வரைக்கும் வருது. மொதல்ல உனக்குத்தான் மொண்டு ஊத்தணும்" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள், ஆனால் இப்போது அவன் பக்கம் திரும்பி.

தோன் செவெரோ நியாயமாக ஒன்று சொன்னார். சான் ஹுவான் திருநாள் அன்று ஊரே குளிக்க இறங்கும். அன்றைக்கு நான் படியிலிருந்து எதிர்ப்பக்கம் தொங்கும் ஆலமர வேர்வரைக்கும் போய்த் திரும்பவேண்டும், ஊர் பார்க்க. போனால் கேணி என் வீட்டில் இருக்கும். இல்லையென்றால் அன்செல்மோ வீட்டுக்கு. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். புருஷனைப் பறிகொடுத்தவள் வருஷம் திரும்பாமல் தண்ணீரில் இறங்கலாமா என்று அன்செல்மோ பெண்டாட்டி தெருவெல்லாம் கேட்டுக்கொண்டு திரிகிறாள். கேட்கட்டும்.

நான் கேட்டுக்கொண்டதால் அதுவரை ருத்திலியோ பாதி நாளுக்கு மட்டும் ஆள் கொண்டுவருகிறார். கோயிலுக்கு நானே கூட்டிப்போகிறேன். ராஜா பேர், வருஷக் கணக்கு எல்லாம் உன் அத்தானுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. "இந்தக் கல்ல அடுக்கினவங்க கீழ எறங்கி இதே கேணித் தண்ணியக் குடிச்சாங்க, நீங்க சாப்பிடப்போற இதே சோளத்தத் தின்னாங்க, அவங்க பேசின பாஷையிலதான் நான் இப்ப என் நாயத் திட்டுறேன்" என்று சொன்னேன். ருத்திலியோ அதை மொழிபெயர்த்தார். ஒரு ஜெர்மன் கிழவர் கல்லைத் தொட்டுவிட்டு நாயையும் தொட்டார். ஆனால் தண்ணீர் இல்லை என்றதும் முகம் தொங்கிப்போகிறது. எட்டுப் பேர் வந்த இடத்தில் இப்போது மூன்று பேர்.

சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். "அந்த நீள மேசை எங்க, தோஞா?" என்று கேட்டார் ருத்திலியோ. கால் உடைந்துவிட்டது என்றேன்.

நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் இறங்கப்போகிறேன். எழுதினால் தெரிந்து இறங்குவேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் பாத்திரங்கள் உடையாமல் இருக்கட்டும்.

அக்கா


சான் ஃபிரான்சிஸ்கோ,
மே 1

அக்கா,

இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு வழி வைக்கவில்லை நீ.

இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்காதே. மறுமுனையைப் படிக்குப் பக்கத்துப் பாறையில் கட்டிவிட்டுத் தொமாசாவும் பிடித்துக்கொள்ளட்டும். அவள் எடைக்கு நீ என்ன, ஒரு மாடே போனாலும் நிற்கும். (இதை அவளுக்குப் படித்துக்காட்டாதே.) காலையில் இறங்கு, வெளிச்சம் தண்ணீரில் நேராக விழும்போது.

கையைக் காலை அடிக்காதே. நாய்தான் அடிக்கும். முதலில் படுக்கக் கற்றுக்கொள். நீந்துவது என்பது படுக்கத் தெரிந்த பிறகு நகர்வதுதான். படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே மல்லாக்கச் சாய். ராத்திரி படுக்கிற மாதிரி உடம்பை விட்டுப் படு. எதையும் இறுக்காதே. தண்ணீர் தாங்கும். மூச்சை உள்ளே வைத்திரு. காதுக்குள் தண்ணீர் போகும், பயப்படாதே.

இதை மூன்று தடவை கிழித்துப்போட்டுத் திரும்ப எழுதினேன். அங்கே சாமிக்கும் தண்ணீருக்கும் சொல்லிவிட்டு இறங்கு.

நிகானோர்


யாஷ்மூல்,
மே 14

அன்புள்ள தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன், நீ கடைசி வரிக்குத் தாவவேண்டாம். உன் கடிதம் வந்த மறுநாளே இறங்கினேன். மேல்படியில் ஒரு சுரைக்குடுவைச் சோளக்கஞ்சி வைத்து, "உன் இடத்துக்கு வர்றேன், பொறுத்துக்கோ" என்று தண்ணீரிடம் சொன்னேன். பிறகு தண்ணீர் என்னை என்ன செய்தது என்று கேள்.

வெள்ளை அங்கியோடு இறங்கினேன். அது காற்றை வாங்கி உப்பி, திருவிழாக் கூடாரம் மாதிரி முகத்துக்கு ஏறியது. தொமாசா மேலே நின்று சிரித்ததில் கயிறு ஆடியது. அங்கியைக் கழற்றிவிட்டு உள்பாவாடையோடு இறங்கினேன். நீ சொன்னபடி படுத்தேன். போய்விட்டேன். மறுபடி படுத்தேன், மறுபடி போய்விட்டேன். கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்துத் தொமாசாவின் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது.

"ஏன்டி, நீ படுக்கிறியா ஒக்கார்றியா?"

"படுக்கிறேன்டி!"

"படுத்தா குண்டி ஏன்டி மொதல்ல போகுது?"

அவள் சொன்னது சரி. ராத்திரி தூளியில் எப்படிப் படுப்பேனோ அப்படியேதான் படுத்தேன். தலை ஒரு பக்கம் மேலே, கால் ஒரு பக்கம் மேலே, நடுவே உடம்பு இறங்கி. எதையும் இறுக்கவில்லை. தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருந்தாய். தாங்கவில்லை. மூக்கு வழியாகக் குடித்தேன். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன்.

அன்செல்மோ மேலே விளிம்பில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனான். ஏதாவது கேலி சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என்ன தப்புச் செய்கிறேன் என்று எழுது. சீக்கிரம் எழுது. திருநாள் நெருங்குகிறது.

உனக்குக் காய்ச்சல் ஏதும் இல்லையே?

அக்கா


சான் ஃபிரான்சிஸ்கோ,
மே 26

அக்கா,

காய்ச்சல் இல்லை, சளி மட்டும் திரும்பி வந்திருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா, நீ வாழ்நாளில் கட்டிலில் படுத்ததே இல்லை. நம் ஊரில் யார் படுத்திருக்கிறார்கள்? பிறந்ததும் தூளி, கல்யாணத்துக்குத் தூளி, காய்ச்சலுக்கும் தூளி. நான் இங்கே பதினோரு வருஷமாகக் கட்டிலில் படுக்கிறேன். "படுக்கிற மாதிரி" என்று எழுதினேன். என் படுக்கை உன் படுக்கை இல்லை என்பதை மறந்துபோனேன். உன்னைக் கொன்றிருப்பேன்.

நீந்துவதே எனக்கு மறந்திருக்குமோ என்று பயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர்ப் பொது நீச்சல் குளத்துக்குப் போனேன். கேணிக்குப் பிறகு நான் தண்ணீரில் இறங்குவது இதுதான் முதல் தடவை. கிழவிகள் தொப்பி போட்டுக்கொண்டு நீந்துகிறார்கள். அவர்கள் நடுவே மல்லாக்கப் படுத்து, என் உடம்பு என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மேலே தகரக் கூரை. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தேன். அங்கே தண்ணீரில் மருந்து போடுகிறார்கள், கண் எரிந்து ரொம்ப நேரம் தண்ணீராக வடிந்தது.

இப்போது சரியாகச் சொல்கிறேன். தூளியில் படுக்கிற மாதிரி இல்லை. நடுவுடம்பு இறங்கக்கூடாது. வயிறு வானத்தைப் பார்க்கவேண்டும். மோவாய் மேலே. முதுகு நேர், கால் நேர். மேசைமேல் மனிதனைக் கிடத்தினால் எப்படி நேராகக் கிடப்பானோ, அப்படி.

கிடக்க வந்துவிட்டால், தூளியை ஆட்டக் காலால் சுவரை மெல்ல உதைப்போமே, அந்த உதை போதும். தூளி அதற்குத்தான் உதவும்.

உடனே பதில் போடு.

நிகானோர்


சான் ஃபிரான்சிஸ்கோ,
ஜூன் 12

அக்கா,

நலமா? பதில் வரவில்லை. கடைக்குப் போன் செய்தேன். "உங்கக்கா நல்லாத்தான் இருக்கா, கேணிக்குப் போயிருக்கா, கேணிலேயே இருக்கா" என்றாள் கடைக்காரி. "வரச் சொல்லட்டுமா?" என்றதற்கு நான் வேண்டாம் என்றுவிட்டேன். ஈரத்தோடு ஓடிவருவாய்.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? எழுதியதை நினைவிருக்கிறவரைக்கும் மனசுக்குள் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. முடியாவிட்டால் விட்டுவிடு, அக்கா. அன்செல்மோவிடம் தோற்றால் என்ன, கேணி எங்கும் ஓடிவிடாது.

ஒரு வரி போதும்.

நிகானோர்


யாஷ்மூல்,
ஜூன் 13

தம்பிக்கு,

உன் சளி எப்படி இருக்கிறது? நான் சுகம்.

மிதக்கிறேன். எப்படி என்று கேட்காதே. இப்போது எழுத வராது.

பதில் தாமதமாயிற்று என்று கலங்காதே, நீ தப்பாக எதுவும் எழுதவில்லை.

அக்கா


யாஷ்மூல்,
ஜூன் 26

அன்புள்ள தம்பிக்கு,

நீ கவலைப்பட்டு எழுதிய கடிதமும், நான் எழுதிய இரண்டு வரியும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும். நல்ல சுகத்தோடு இதை எழுதுகிறேன். கை மட்டும் வலிக்கிறது, ஏன் என்று படித்தால் தெரியும்.

சான் ஹுவான் அன்று பூசை முடிந்து ஊரே கேணிக்கு வந்தது. படி முழுக்க ஆள், மேலே விளிம்பு முழுக்க ஆள். ருத்திலியோ மெரிதாவிலிருந்து தன் சொந்தச் செலவில் வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் மல்லாக்கப் படுத்து, சுவரை உதைக்கிற உதையை உதைத்துக்கொண்டு வேருக்குப் போனேன், திரும்பினேன். மூச்சு கூட வாங்கவில்லை. தோன் செவெரோ வாய் திறப்பதற்குள் அன்செல்மோ கத்தினான்.

"தனியா மெதக்க தேங்காய்க்கும் தெரியும்! ஆளத் தூக்கணும்ல, அண்ணி?"

அது நியாயம்தான். எனக்கே தோன்றியது. யாரைத் தூக்குவது என்று பார்த்தேன். தொமாசா படியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் போதுமா பாரத்துக்கு?" என்றாள் அன்செல்மோவைப் பார்த்து. "இல்ல, உன் பொண்டாட்டியையும் கட்டித் தூக்கணுமா?"

அவளுக்குத் தண்ணீர் என்றால் மரண பயம். கண்ணை மூடிக்கொண்டு, எல்லாப் புனிதர்களையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு என்மேல் சாய்ந்தாள். மோவாய்க்குக் கீழே ஒரு கை கொடுத்து இழுத்தேன். பாதி வழியில் என் பின்னலைப் பிடித்துக்கொண்டாள். "விடுடி!" "விடமாட்டேன்டி!" ஊர் முழுக்கச் சிரித்தது. எப்படியோ வேர்வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவள் வேரை ஒட்டுண்ணி மாதிரி பற்றிக்கொண்டு, இனி அசையமாட்டேன் என்றுவிட்டாள்.

நான் மட்டும் திரும்பினேன். நடுவே வந்தபோது பலம் தீர்ந்துவிட்டது. கால் உதைக்க வரவில்லை. படி ரொம்பத் தூரத்தில் இருந்தது. அன்செல்மோ சட்டையைக் கழற்றியது தெரிந்தது. அவன் வந்து தூக்கினால் எல்லாம் போயிற்று. அதனால் உதைப்பதை நிறுத்திவிட்டேன். நேராகக் கிடந்தேன். கையை நெஞ்சில் சேர்த்து வைத்துக்கொண்டேன். காது தண்ணீருக்குள் இருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேலே வட்டமாக வானம், சுற்றிலும் தலைகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அன்செல்மோ கழற்றிய சட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான்.

மூச்சு திரும்பியதும் படிக்குப் போனேன். தோன் செவெரோதான் கடைசியில், "கேணி கௌதென்சியோ வீட்டுலயே இருக்கட்டும்" என்றார். அன்செல்மோ தலையை ஆட்டினான்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல்: "என்னை யாருடா கூட்டிட்டுப் போறது, பாவிங்களா?"

அன்செல்மோதான் போனான். இரண்டு தடவை தண்ணீர் குடித்தான். அவன் தலைமுடி ஒரு கொத்துத் தொமாசா கையோடு வந்துவிட்டது.

உன் அக்கா,
ஃபிதேலியா


சான் ஃபிரான்சிஸ்கோ,
ஜூலை 8

அக்கா!

நான் சுகம், ரொம்ப சுகம். உன் கடிதத்தை அறையில் சத்தமாகப் படித்தேன். பித்து பிடித்தவள் என்று சிரித்தவர்கள் தொமாசா கட்டம் வந்ததும் தரையில் உருண்டார்கள். ஒருவன் போய் பீர் வாங்கி வந்தான். உன் பேரைச் சொல்லிக் குடித்தோம்.

ஆனால் எல்லாரும் ஒன்றைக் கேட்கிறார்கள், நானும் கேட்கிறேன். ஏன் தொப்பியைக் கழற்றினார்கள்? நீ அதற்கு மட்டும் காரணம் எழுதவில்லை. இத்தனை நாள் வராத மிதப்பு உனக்கு எப்படி வந்தது?

கை வலிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு.

வருஷ ஜெபம் பற்றி, அக்கா... இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நிகானோர்


யாஷ்மூல்,
ஜூலை 25

அன்புள்ள தம்பி நிகானோருக்கு,

கை வலி போய்விட்டது. மழை நன்றாகப் பெய்கிறது, சோளம் முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது. உன் சளியும் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

கேட்டாய், சொல்கிறேன். இப்போது எழுத வருகிறது.

வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுவதற்கென்று உன் அத்தான் தேவதாரு மரத்தில் அந்த நீள மேசையைச் செய்தார். அது உனக்குத் தெரியும். அவர் போன அன்று தூளியிலிருந்து எடுத்தோம். தூளியில் கிடந்த உடம்பு அப்படியே வளைந்திருந்தது. நேராக்கிக் கிடத்த வீட்டில் அந்த மேசையைத் தவிர நீளமான பொருள் எதுவும் இல்லை. அதில்தான் கிடத்தினோம். குளிப்பாட்டினேன். தலைமாட்டில் மெழுகுவர்த்தி வைத்தேன். கையை நெஞ்சில் சேர்த்துவைத்தேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்து, அவர் நேராகப் படுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அப்புறம் மேசையை வீட்டுப் பின்னால் சுவரோடு சாத்திவிட்டேன். அந்தப் பக்கம் போவதே இல்லை. கால் உடைந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். உன்னிடமும் சொன்னேன்.

நீ, மேசைமேல் மனிதனைக் கிடத்தின மாதிரி என்று எழுதினாய். நீ இங்கே இல்லை, உனக்குத் தெரியாது. அந்த வரியைப் படித்து உன் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். போடவில்லை. நாலைந்து நாள் கேணிப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு காலையில் தொமாசாவைக்கூடக் கூப்பிடாமல் போனேன். கயிற்றை நானே கட்டிக்கொண்டேன். அவர் எப்படிக் கிடந்தாரோ அப்படிக் கிடந்தேன். மோவாய், முதுகு, கால், கை, எல்லாம் அவர் மாதிரி. தண்ணீர் தாங்கியது, நிகானோர். கயிறு தளர்ந்தே கிடந்தது.

அழவில்லை. அழுதால் மூச்சு வெளியே போய்விடும், முழுகிவிடுவோம். அப்படியே கிடந்தேன். அதற்குப் பிறகு தினமும் போனேன்.

சான் ஹுவான் அன்று மேலே நின்றவர்கள் எல்லாரும் சாவு வீட்டுக்கு வந்தவர்கள். அதனால்தான் தொப்பியைக் கழற்றினார்கள். அன்செல்மோ அந்த மேசையைத் தூக்கிக்கொடுத்தவன், அதனால்தான் நின்றுவிட்டான்.

போன வியாழக்கிழமை முதல் தடவையாக முழு நாளும் நடந்தது. ஒன்பது பேர் வந்தார்கள். விடிவதற்கு முன்பே குழியில் கறியைப் புதைத்து, வாழையிலை மூடி மண் போட்டேன். மேட்டுக்குக் கூட்டிப்போனேன். நாயைத் திட்டினேன். கேணியில் ஒரு பிரெஞ்சுப் பெண், நல்ல உயரமான பெண், நீந்தத் தெரியாது என்று படியிலேயே உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்து இறக்கினேன். அவள் முதுகுக்குக் கீழே என் உள்ளங்கையை வைத்து, "நேரா, நேரா, வயித்த வானத்துக்குக் காட்டு" என்றேன். பாஷை புரியவில்லை, கை புரிந்தது. அவள் கட்டிலில் படுக்கிற பெண், உடனே வந்துவிட்டது. கையை எடுத்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

அவர்கள் ஈரத்தைத் துடைத்துக்கொள்வதற்குள் நானும் தொமாசாவும் பின்னால் போய் மேசையைத் தூக்கிவந்தோம். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். வேப்பமரத்தடியில் போட்டோம். ருத்திலியோ குனிந்து காலைத் தட்டிப் பார்த்தார்.

"கால் ஒடஞ்சிருச்சுன்னீங்களே?"

"ஒடையல" என்றேன்.

குழியைத் திறந்ததும் அந்த வாசனைக்கு ஒன்பது பேரும் வந்து உட்கார்ந்தார்கள். கறி எலும்பை விட்டு வழுக்கியது. ஊறவைத்த சிவப்பு வெங்காயம், சுடச்சுட ரொட்டி. மிளகாயைத் தொடாதே என்று சொல்லியும் ஒருவர் தொட்டார், கேணிக்கே திரும்ப ஓடினார். நான் பரிமாறிவிட்டு உட்கார்ந்தேன். உன் அத்தான் தலை இருந்த பக்கம் உட்கார்ந்தேன். நன்றாகச் சாப்பிட்டேன். அவர் போனதற்கு அப்புறம் இப்போதுதான் நன்றாகச் சாப்பிட்டது.

வருஷ ஜெபத்துக்கு நீ வரமாட்டாய். வந்தால், காகிதம் இல்லாத உன்னை மறுபடி அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதை எழுத உனக்குக் கை வரவில்லை. எழுதவேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மருந்துத் தண்ணீரிலாவது போய்க் கிட. கண் எரிந்தால் எரியட்டும்.

மேசையில் உனக்கும் ஒரு தட்டு வைத்தேன். கொஞ்ச நேரம் இருந்தது. ருத்திலியோ, "இது யாரோடது?" என்று கேட்டார். என் தம்பியோடது என்றேன். "வருவாரா?" என்றார். வரமாட்டான் என்றேன். இழுத்து வைத்துத் தின்றுவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமைக்குப் பன்னிரண்டு பேர். மேசையை இன்னும் ஒரு பலகை நீட்ட வேண்டும். அன்செல்மோவிடம் சொல்லியிருக்கிறேன்.

நல்லபடியாக இரு.

உன் அக்கா,
ஃபிதேலியா